பந்தயக் கடைப் பலகை பொய் சொன்னதா?

கேள்வி: வணக்கம் அம்மா. முப்பது ஆண்டுகளாக லண்டன் ஹாரோவில் வசிக்கிறேன். தபால் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். வாழ்க்கையில் ஒரே ஒரு முறைதான் பந்தயம் கட்டியிருக்கிறேன். 2016 ஜூன் 23, பிரெக்சிட் வாக்கெடுப்பு நாள். வாக்களித்துவிட்டுத் திரும்பும் வழியில் இருந்த பந்தயக் கடையில் ‘ரிமெய்ன் 1/4’ என்று போட்டிருந்தது. ரிமெய்ன் என்றால் ஐரோப்பிய ஒன்றியத்திலேயே நீடிக்க வேண்டும் என்ற தரப்பு. ‘எண்பது சதவீதம் உறுதி’ என்றான் கடைப் பையன். 400 பவுண்டு கட்டினால் 100 லாபம், வங்கி வட்டியைவிட மேல் என்று நினைத்துக் கட்டினேன். விடிந்தபோது 400 பவுண்டும் போயிருந்தது. மனைவிக்கு இன்றுவரை தெரியாது. இப்போது என் மருமகன் அடுத்த பொதுத் தேர்தலில் ‘அதிக இடங்களைப் பிடிக்கும் கட்சி’ என்ற பந்தயத்துக்கு என்னிடம் 1,000 பவுண்டு கேட்கிறார். ஈவன்ஸ் விலை என்கிறார். ‘விலை இறங்கிக்கொண்டே வருகிறது மாமா, உள்ளே யாருக்கோ ஏதோ தெரிந்திருக்கிறது’ என்கிறார். அன்று அந்தப் பலகை பொய் சொன்னதா? இந்த எண்களை எப்படிப் படிப்பது? பணத்தைக் கொடுக்கலாமா? – பெயர் வேண்டாம், ஹாரோ.

பதில்: ஐயா, வணக்கம். உங்கள் கடிதத்தைப் படித்தபோது என்னை அறியாமல் சிரித்துவிட்டேன். தவறாக நினைக்க வேண்டாம். அன்று பலகைக்கு முன்னால் நீங்கள் நின்றீர்கள், பின்னால் நான் உட்கார்ந்திருந்தேன். புள்ளியியல் படித்துவிட்டு, ஒரு பந்தய நிறுவனத்தில் பன்னிரண்டு ஆண்டுகள் விலை போடும் வேலை பார்த்தவள் நான். குதிரையும் கால்பந்தும் மற்றவர்களுக்கு, எனக்கு அரசியல். அன்று இரவு பத்து மணிக்கு வாக்குப்பதிவு முடிந்தபோது எங்கள் அறையில் ரிமெய்ன் வெற்றி ஏறக்குறைய முடிந்துபோன கதை. வெளியேறும் தரப்பின் முகமாக இருந்த நைஜல் ஃபராஜே தோல்வியை ஒப்புக்கொள்வதுபோலப் பேசினார். விலை இன்னும் இறங்கியது. சக ஊழியர் ஒருவர் கோட்டை மாட்டிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பிவிட்டார். நள்ளிரவு தாண்டியதும் வடகிழக்கு இங்கிலாந்து நகரமான சண்டர்லாந்தின் முடிவு வந்தது: வெளியேற வேண்டும் என்றவர்கள் 61 சதவீதம். கிளம்பிப் போனவர் ரயிலிலிருந்து அழைத்து, “அந்த எண் அச்சுப்பிழைதானே?” என்று கேட்டார்.

எனவே பலகை பொய் சொன்னதா என்பதை நானும் பலமுறை யோசித்திருக்கிறேன். பொய் என்று சொல்ல மாட்டேன். யார் ஜெயிப்பார்கள் என்று நீங்கள் அதனிடம் கேட்டீர்கள். என்ன விலைக்கு விற்கிறோம் என்று அது சொல்லிக்கொண்டிருந்தது. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் உங்கள் 400 பவுண்டு விழுந்தது.

எண்களைப் படிப்பது எளிது. பிரிட்டனில் கடைப் பலகையில் விலையைப் பின்னமாக எழுதுகிறார்கள். கோட்டுக்கு இடப்பக்கம் இருப்பது லாபம், வலப்பக்கம் இருப்பது நீங்கள் கட்டும் பணம். 4/1 என்றால் ஒரு பவுண்டு கட்டினால் நான்கு பவுண்டு லாபம். கட்டிய பவுண்டும் திரும்ப வரும். 1/4 என்றால் தலைகீழ்: நான்கு கட்டினால் ஒன்றுதான் லாபம். இதைச் சதவீதமாக மாற்ற, வலப்பக்க எண்ணை இரண்டின் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். 4/1 என்பது ஐந்தில் ஒன்று, அதாவது 20 சதவீதம். 1/4 என்பது ஐந்தில் நான்கு, 80 சதவீதம். 6/4 என்பது பத்தில் நான்கு, 40. உங்கள் மருமகன் சொல்லும் ஈவன்ஸ் சரிபாதி, 50. கைபேசியில் தசமத்தில் வந்தால் இன்னும் சுலபம். அதில் கட்டிய பணமும் சேர்ந்தே இருக்கும். 1/4 அங்கே 1.25 என்று தெரியும், 100ஐ அந்த எண்ணால் வகுத்தால் அதே 80 கிடைக்கும். அமெரிக்கச் செய்திகளில் பிளஸ் 400, மைனஸ் 400 என்று வந்தால் முன்னது நம் 4/1, பின்னது 1/4. விலை இறங்குகிறது என்றால் கிடைக்கும் லாபம் குறைகிறது, சதவீதம் கூடுகிறது என்று பொருள். இதற்குமேல் மனப்பாடம் செய்ய எதுவும் இல்லை.

ஆக, கடைப் பையனின் 80 கணக்கில் சரி. அதோடு ‘உறுதி’ என்ற சொல்லை ஒட்டவைத்தானே, அதுதான் தவறு.

அந்த 80இலும் கடையின் கூலி கலந்திருந்தது. இதைப் பலர் கவனிப்பதில்லை. ஒரு தொகுதியைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். முதல் கட்சிக்கு 4/6, இரண்டாவதற்கு 7/4, மூன்றாவதற்கு 8/1, மற்றவர்கள் எல்லோருக்கும் சேர்த்து 50/1 என்று விலை போட்டிருக்கிறார்கள். சதவீதமாக்கினால் 60, 36.4, 11.1, 2. கூட்டிப் பாருங்கள்: 109.5 வருகிறது. ஒரு தொகுதியில் ஒருவர்தான் ஜெயிக்க முடியும், மொத்த வாய்ப்பு 100ஐத் தாண்ட வழியில்லை. மிச்சம் ஒன்பதரைதான் கடையின் வரும்படி. எங்கள் தொழிலில் இதற்கு ஓவர்ரவுண்ட் என்று பெயர். அதைக் கழித்துவிட்டு, அதாவது 60ஐ 109.5ஆல் வகுத்துப் பார்த்தால், முதல் கட்சியின் வாய்ப்பு 55க்குச் சற்றுக் கீழே என்றுதான் கடையே நினைக்கிறது. 55 பெறுமானமுள்ள சரக்கை உங்களிடம் 60க்கு விற்கிறார்கள். கடை நினைப்பது சரியாக இருந்தால், ஒவ்வொரு 100 பவுண்டுக்கும் சராசரியாக எட்டு ஒன்பது பவுண்டு உங்கள் பையிலிருந்து அவர்கள் கல்லாவுக்குப் போகிறது, யார் ஜெயித்தாலும்.

உங்கள் சீட்டுக்கு வருவோம். அன்று அதே பலகையில் எதிர்த்தரப்புக்கு 11/4 இருந்ததாக வைத்துக்கொள்ளுங்கள். அது 26.7 சதவீதம். 80ஐயும் இதையும் கூட்டினால் 106.7. கூலியைக் கழித்தால் ரிமெய்ன் 75. நான்கில் மூன்று முறை ஜெயிக்கும், ஒரு முறை தோற்கும். மெட்ரோபாலிட்டன் ரயில் நான்கு நாளுக்கு ஒரு நாள் வராது என்று தெரிந்தால், மருத்துவமனை அப்பாயின்ட்மென்ட் நாளில் அதை நம்பிக் கிளம்புவீர்களா? அதுவும் 100 பவுண்டு சம்பாதிக்க 400 பவுண்டைப் பணயம் வைத்து? இந்த விலையில் ஐந்தில் நான்கு முறை ஜெயித்தால்தான் கட்டிய பணமே கைக்குத் திரும்பும். வங்கி வட்டியோடு நீங்கள் ஒப்பிட்ட இடத்தில்தான் கால் சறுக்கியது. வங்கி, முதலை எடுத்துக்கொண்டு ஓடுவதில்லை.

இனி, நான் அதிகம் யோசித்த பகுதி. கூலியைக் கழித்த பிறகும் அந்த 75 நியாயமான எண்தானா? வாக்கெடுப்புக்கு முந்தைய கருத்துக்கணிப்புகளை எடுத்துப் பாருங்கள். சிலவற்றில் ரிமெய்ன் முன்னால், சிலவற்றில் வெளியேறும் தரப்பான லீவ் முன்னால், மொத்தத்தில் இழுபறி. பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்றால், அந்தச் சோறு வெந்ததா இல்லையா என்றே சொல்ல முடியாத நிலை. ஆனால் பந்தய விலை மட்டும் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. காரணம் என்ன?

ஒரு காரணத்தைப் பந்தய நிறுவனங்களே பிறகு வெளிப்படையாகச் சொல்லின. பந்தயச் சீட்டுகளின் எண்ணிக்கையில் லீவ் தரப்புதான் அதிகம். பணத்தின் அளவில் ரிமெய்ன் அதிகம். லீவுக்கு ஆயிரம் பேர் ஆளுக்கு இருபது பவுண்டு கட்டுகிறார்கள். ரிமெய்னுக்கு நிதித்துறை ஆசாமிகள் சிலர் ஆளுக்குப் பத்தாயிரம் கட்டுகிறார்கள். கடைக்காரர் தலைகளை எண்ணுவதில்லை, கல்லாவைத்தான் பார்க்கிறார். பணம் குவிகிற பக்கத்தின் விலையை இறக்கியாக வேண்டும், இல்லாவிட்டால் அந்தப் பக்கம் ஜெயித்தால் அவர் கதி அதோகதி. ஆனால் வாக்குச்சாவடியில் எண்ணுவது தலைகளை மட்டும்தான். அங்கே ஒரு ஆளுக்கு ஒரு வாக்கு. எங்கள் பலகையில் ஒரு பவுண்டுக்கு ஒரு வாக்கு. பணம் இருந்த லண்டனும் ஆத்திரம் இருந்த சண்டர்லாந்தும் வெவ்வேறு திசையில் போன வாக்கெடுப்பு அது. 51.9க்கு 48.1 என்று முடிந்தது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், எங்கள் தொழிலுக்கு இது பெருமை தராது. அன்று மாலை நாங்கள் அன்னியச் செலாவணிச் சந்தையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பவுண்டு மதிப்பு ஏறுகிறது என்றால் பெரிய இடத்து ஆட்களுக்கு ஏதோ தகவல் கிடைத்திருக்கும் என்று எண்ணி ரிமெய்ன் விலையை இறக்கினோம். செலாவணி வியாபாரிகளோ எங்கள் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பந்தய விலை இறங்குகிறது, ரிமெய்ன் உறுதி, பவுண்டை வாங்கு! தொலைக்காட்சிகள் இரண்டையும் திரையில் ஓடவிட்டன. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தே தைரியம் வளர்த்துக்கொண்டோம், வாக்குப்பெட்டிக்குள் இருப்பதை யாரும் பார்க்கவில்லை. அன்று இரவு 1.50 டாலரைத் தொட்ட பவுண்டு, விடியும்போது 1985க்குப் பிறகு காணாத அளவுக்கு விழுந்து கிடந்தது.

அதற்காகப் பந்தய விலை எப்போதும் தவறு என்று நினைக்க வேண்டாம். 80 சதவீதம் என்றால் ஐந்தில் ஒரு முறை தோற்க வேண்டும். ஒரு முறைகூடத் தோற்காவிட்டால்தான் விலை போட்டவர் வேலையை ஒழுங்காகச் செய்யவில்லை என்று பொருள். ஒரே ஒரு தேர்தலை வைத்து விலை சரியா தவறா என்று தீர்ப்பு எழுத முடியாது. ஆனால் அந்தக் காலத்தில் அடி மேல் அடி விழுந்தது உண்மை. 2015இல் தொங்கு நாடாளுமன்றம்தான் என்று எல்லோரும் விலை போட்டிருந்தோம். பிரதமர் டேவிட் கேமரன் 12 இடப் பெரும்பான்மையுடன் வந்தார். 2016 அக்டோபரில், வாக்குப்பதிவுக்கு மூன்று வாரம் இருக்கும்போதே, ஹிலரி கிளின்டன் ஜெயித்துவிட்டதாகச் சொல்லி அயர்லாந்தின் பேடி பவர் நிறுவனம் பத்து லட்சம் டாலருக்கு மேல் பட்டுவாடா செய்தது. விளம்பரத்துக்காகச் செய்ததுதான், அந்த நிறுவனத்துக்கு அது கைவந்த கலை. பிறகு டிரம்ப் ஜெயித்ததும் அவருக்குக் கட்டியவர்களுக்கும் கொடுக்க வேண்டியதாயிற்று. 2017இல் பிரதமர் தெரசா மே பெரும்பான்மையை இழந்தார். அந்தத் தேர்தலில் யூகவ் நிறுவனத்தின் தொகுதிவாரிக் கணிப்பு மட்டும் வாக்குப்பதிவுக்கு ஒரு வாரம் முன்பே தொங்கு நாடாளுமன்றம் வரலாம் என்றது. எங்கள் அறையில் அதைச் சிரித்து ஒதுக்கினோம். நானும்தான்.

விலை அதிகமுள்ள குதிரை மீது ஆசைப்படுபவர்களும் இருக்கிறார்கள். 2015இல் தொழிற்கட்சித் தலைவர் போட்டியில் ஜெரமி கோர்பினுக்குத் தொடக்கத்தில் 100/1 விலை இருந்தது; செப்டம்பரில் 59.5 சதவீத வாக்குகளோடு அவர் தலைவரானார். பத்து பவுண்டு கட்டியவருக்கு ஆயிரம் லாபம். இந்தக் கதையை உங்கள் மருமகன் நிச்சயம் சொல்வார். அதே 100/1இல் கட்டிக் காணாமல்போன பணத்துக்குக் கதை சொல்ல ஆள் கிடையாது. எட்டாத விலைகளில்தான் கடையின் கூலி மிகக் கொழுத்திருக்கும் என்பதையும் மனதில் வையுங்கள். முந்நூறில் ஒரு வாய்ப்பு என்று நினைக்கும் ஒன்றுக்கு 100/1 எழுதுவோம். மக்கள் வாங்குவார்கள்; லாட்டரிச் சீட்டு வாங்கும் மனதுதான். பிரதமர் பட்டியலில் கால்பந்து வீரர், தொலைக்காட்சி முகம் என்று 500/1 விலையில் நாலைந்து பெயரைச் சேர்ப்பது பத்திரிகையில் சிரிப்புச் செய்தி வருவதற்காக. அதற்கென்றே எங்களிடம் ஒருவர் இருந்தார்.

‘விலை இறங்குகிறது, உள்ளே யாருக்கோ தெரிந்திருக்கிறது.’ இது எப்போதும் பொய் என்று சொல்ல மாட்டேன். 2024இல் நடந்தது ஊரறிந்த விஷயம். ரிஷி சுனக் மே 22ஆம் தேதி ஜூலைத் தேர்தலை அறிவிப்பதற்கு மூன்று நாள் முன்பு, அவருக்கு நெருக்கமான நாடாளுமன்ற உதவியாளர் ஒருவர் ஜூலையில் தேர்தல் என்று 5/1 விலையில் 100 பவுண்டு கட்டியிருந்தது வெளியே வந்தது. சூதாட்ட ஆணையம் விசாரித்தது. 2025 ஏப்ரலில் 15 பேர்மீது குற்றச்சாட்டு பதிவானது. உள்தகவலை வைத்துப் பந்தயத்தில் ஏமாற்றுவது 2005ஆம் ஆண்டுச் சூதாட்டச் சட்டத்தின்படி குற்றம். கதவு இடுக்கில் கசிவு உண்டு என்பதை அறிந்துதான், அரசியல் பந்தயங்களில் பெரிய தொகையை நிறுவனங்கள் எளிதில் ஏற்பதில்லை. ஐந்நூறு பவுண்டு கேட்டால் நாற்பதுதான் ஏற்போம் என்று திரையில் வரும்.

ஆனால் விலை இறங்குவதற்கெல்லாம் ரகசியம் காரணமாக இருக்க வேண்டியதில்லை. ஓர் இடைத்தேர்தல் சமயம். ஒரு சிறு நகரத்துக் கடையில் ஒரே பிற்பகலில் நான்கு பேர் வந்து, யாரும் பெரிதாக எண்ணாத ஒரு வேட்பாளர்மேல் தலா 50 பவுண்டு கட்டினார்கள். எனக்கு முதுகு சில்லிட்டது. ஏதோ கசிந்திருக்கிறது என்று 3/1இல் இருந்த விலையை 6/4க்கு வெட்டினேன். அதைப் பார்த்த மற்ற நிறுவனங்களும் வெட்டின. வெட்டியதைப் பார்த்து நாடு முழுவதும் ‘உள்ளே தெரிந்தவர்கள்’ கட்டத் தொடங்கினார்கள், விலை இன்னும் இறங்கியது. ஒரு உள்ளூர்ப் பத்திரிகை ‘பந்தயச் சந்தையில் திடீர்த் திருப்பம்’ என்று எழுதியது. கடைசியில் அந்த நால்வரும் வேட்பாளரின் மைத்துனர் குடும்பத்தார் என்று தெரிந்தது. பாசத்தில் கட்டியிருக்கிறார்கள். வேட்பாளர் மூன்றாவதாக வந்தார்.

உங்கள் மருமகன் இன்று பார்க்கும் இறக்கம் எந்த வகை என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஒன்று மட்டும் கணக்குப்படி நிச்சயம்: உண்மையாகவே கசிவு என்றாலும், விலை இறங்கி முடிந்த பிறகு கட்டுகிறவருக்கு அந்தக் கசிவால் பயனில்லை. லாபம் 5/1இல் கட்டியவருக்குத்தான். இறங்கிய விலையில் ஏறுகிறவர் பஸ் போன பிறகு நிறுத்தத்தில் நின்று டிக்கெட் வாங்குகிறார்.

பெட்ஃபேர் போன்ற பந்தயச் சந்தைகளும் உண்டு. அங்கே கடை விலை போடுவதில்லை. ஜெயிக்கும் என்பவரும் ஜெயிக்காது என்பவரும் நேருக்கு நேர் மோதுகிறார்கள், நிறுவனம் ஜெயித்தவரிடம் கமிஷன் மட்டும் எடுக்கிறது. கூலி குறைவு என்பதால் அங்குள்ள எண் உண்மைக்குச் சற்று அருகில் இருக்கும். என்றாலும் அங்கிருப்பவர்களும் மனிதர்கள்தான். 2020இல் பைடன் ஜெயித்ததாக நவம்பர் 7ஆம் தேதி எல்லா அமெரிக்கத் தொலைக்காட்சிகளும் அறிவித்துவிட்டன. அதன் பிறகும் வாரக்கணக்கில் டிரம்ப்மேல் பணம் விழுந்துகொண்டே இருந்தது. அதிபரை முறைப்படி தேர்ந்தெடுக்கும் தேர்வாளர்கள் டிசம்பர் 14ஆம் தேதி வாக்களித்த பிறகுதான் கணக்கு தீர்க்கப்பட்டது. அறிவித்த மறுநாளே பணம் வரும் என்று காத்திருந்தவர்கள் விதிமுறைத் தாளை அப்போதுதான் முதல் முறையாகப் படித்தார்கள்.

விதிமுறை என்றதும் உங்கள் விஷயத்தின் நடு முடிச்சுக்கு வந்துவிட்டோம். ‘அதிக இடங்களைப் பிடிக்கும் கட்சி’ என்பது ஒரு பந்தயம். ‘தனிப்பெரும்பான்மை’ வேறு. ‘அடுத்த பிரதமர்’ இன்னொன்று. ‘வாக்கு சதவீதம்’ நான்காவது. 2017இல் கன்சர்வேட்டிவ் கட்சிமேல் ஒருவர் இரண்டு சீட்டு வாங்கியிருந்தால், அதிக இடங்கள் என்ற சீட்டு ஜெயித்திருக்கும், பெரும்பான்மை என்ற சீட்டு குப்பைக்குப் போயிருக்கும். 650 இடங்களில் பெரும்பான்மைக்கு 326 வேண்டும்; அவர்களுக்குக் கிடைத்தது 317. 2024இல் தொழிற்கட்சி 33.7 சதவீத வாக்கில் 411 இடங்களைப் பிடித்தது. வாக்கைப் பார்த்து இடத்தைக் கணிக்கிறவர் இந்த நாட்டில் நிறைய இழப்பார். ஐந்து கட்சிகள் வாக்கைப் பங்குபோடும் காலத்தில் அந்தக் கணக்கு இன்னும் சிக்கல்.

உங்கள் ஊரையே பாருங்களேன். 2024இல் நாடெங்கும் கன்சர்வேட்டிவ் கோட்டைகள் சரிந்தபோது, ஹாரோ ஈஸ்ட் மட்டும் அந்தக் கட்சிக்குப் பாதிக்கு மேல் வாக்குக் கொடுத்தது. நாட்டிலேயே அப்படிப்பட்ட தொகுதி அது ஒன்றுதான். 2015இல் அதே ஹாரோ ஈஸ்ட்டில் தொழிற்கட்சிக்காக நின்று தோற்ற நம் உமா குமரன், 2024இல் கிழக்கு லண்டனில் ஸ்ட்ராட்போர்ட் அண்ட் போ தொகுதியில் நின்று நாடாளுமன்றம் போனார். நாட்டுக்கான விலையைப் பார்த்து உங்கள் தெருவைக் கணித்தால் என்ன ஆகும் என்பதற்கு வேறு உதாரணம் தேட வேண்டியதில்லை.

தமிழ்நாட்டிலிருந்து இதைப் படிப்பவர்களுக்கு இடையில் ஒரு வார்த்தை. பிரிட்டனில் பந்தயக் கடை 1961இலிருந்து சட்டப்படியான வியாபாரம். லாபத்துக்கு வரிகூடக் கிடையாது. இந்தியாவில் தேர்தல் பந்தயம் சட்டவிரோதம். ஒவ்வொரு தேர்தலின்போதும் ராஜஸ்தானின் பலோடி ஊர்ச் சூதாட்டச் சந்தையான ‘சட்டா பஜார்’ விலை என்று செய்திகள் வருகின்றன. அந்த எண்ணுக்குப் பின்னால் எவ்வளவு பணம் இருக்கிறது என்று சரிபார்க்க யாராலும் முடியாது. அதை அரட்டைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது அந்த 1,000 பவுண்டு. ஈவன்ஸ் விலை 50 சதவீதத்தைக் குறிக்கிறது. பல கட்சிகள் உள்ள இந்தப் பந்தயத்தில் கூலியைக் கழித்தால், அந்தக் கட்சிக்கு 50ஐவிடக் குறைந்த வாய்ப்புதான் என்று கடையே கருதுகிறது. மருமகனின் கணிப்பு கடையின் கணிப்பைவிட மேலானது, அதுவும் கூலியைத் தாண்டும் அளவுக்கு மேலானது என்றால் மட்டுமே கட்டுவதில் பொருள் உண்டு. அவர் அப்படிப்பட்டவராக இருக்கலாம். 2024 அமெரிக்கத் தேர்தலில் ஒரு பிரெஞ்சுக்காரர் டிரம்ப்மேல் கோடிக்கணக்கில் கட்டி ஜெயித்தார். ஆனால் அவர் விலை இறங்குவதைப் பார்த்துக் கட்டவில்லை. சொந்தச் செலவில் கருத்துக்கணிப்பு நடத்தினார். ‘நீங்கள் யாருக்கு வாக்களிப்பீர்கள்’ என்பதோடு நிற்காமல், ‘உங்கள் அண்டை வீட்டார் யாருக்கு வாக்களிப்பார்கள் என்று நினைக்கிறீர்கள்’ என்றும் கேட்கவைத்தார். கூச்சப்பட்டு மறைப்பவர்களின் மனதும் அதில் வெளியே வந்தது. மருமகன் என்ன செய்திருக்கிறார் என்று கேட்டுப் பாருங்கள்.

காலத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். அடுத்த பொதுத் தேர்தல் 2029 ஆகஸ்ட் நடுவரைகூடத் தள்ளிப்போகலாம். கட்டிய பணத்துக்கு வட்டி கிடையாது. நான்கு சதவீத வட்டி என்று வைத்துக்கொண்டால், 1,000 பவுண்டு மூன்று ஆண்டில் வங்கியில் 1,125 ஆகியிருக்கும். நடுவில் வேண்டுமானால் ‘கேஷ் அவுட்’ செய்துகொள்ளலாம் என்று மருமகன் சொல்வார். சீட்டை அவர்களே திரும்ப வாங்கும் அந்த விலையிலும் கடை இன்னொரு முறை கூலி எடுக்கும். நகையை வாங்கிய கடையிலேயே விற்கப்போன அனுபவம் உங்கள் வீட்டில் யாருக்காவது இருந்தால் புரியும்.

ஆகவே கொடுக்க வேண்டாம் என்பது என் பதில். அந்தப் பணம் கூட்டுக் கணக்கில் இருந்தால் இரண்டு மடங்கு வேண்டாம். 400 பவுண்டை மறைத்த அதே வீட்டில் 1,000ஐயும் மறைக்க இடம் இருக்காது.

மருமகனின் ஆர்வத்தைக் கெடுக்கவும் மனமில்லை. அவரிடம் ஒரு தாளைக் கொடுங்கள். கைபேசியை மூடி வைத்துவிட்டு, ஒவ்வொரு கட்சிக்கும் எத்தனை சதவீத வாய்ப்பு என்று அவர் எழுதட்டும். கூட்டினால் 100 வர வேண்டும். பிறகு கைபேசியைத் திறந்து, கூலியைக் கழித்த விலையோடு ஒப்பிடுங்கள். எங்கே வேறுபடுகிறது, ஏன் என்று இரண்டு வரி எழுதச் சொல்லுங்கள். வேறுபாடே இல்லை என்றால் கட்டுவதற்கு எதுவும் இல்லை. ஏன் என்று எழுத முடியவில்லை என்றாலும் அப்படியே. எழுதிவிட்டார் என்றால் சொந்தப் பணத்தில் 20 பவுண்டு கட்டட்டும். தேதி போட்டுத் தாளைப் பத்திரமாக வையுங்கள். 2017இல் நான் எழுதிய தாள் இன்னும் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. ‘கன்சர்வேட்டிவ் பெரும்பான்மை: 85’ என்று சிவப்பு மையில், அடிக்கோடு போட்டு எழுதியிருக்கிறேன்.